ஃபில் போட்டதும் தாளம் ஏன் ஓடிவிடுகிறது?

வாசகர் கேள்வி, திருமங்கலம் – 2024 பிப்ரவரி 3

டிரம்ஸ் கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. அடிப்படை ராக் பீட் தடையின்றி வருகிறது. ஆனால் நான்காவது பாரில் (ஒரு பார் என்பது நான்கு பீட்) வழக்கமான பீட்டை விட்டுவிட்டு டிரம்களைச் சுற்றி அடிக்கும் ஃபில்லைப் போட்டவுடன் குழுவே தடுமாறுகிறது. கிதார் வாசிக்கும் நண்பர், "ஏன்டா முன்னாடியே வந்துட்ட?" என்று கேட்கிறார். கை வேகம் போதாததே காரணம் என்று முடிவு செய்து, இப்போது தினமும் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் ரோல் (விடாமல் உருட்டுவது) மட்டுமே பழகுகிறேன். வேகம் கூடினால் ஃபில் தானாகவே சரியாகிவிடும் என்பது என் கருத்து. இது சரிதானா?

2024 பிப்ரவரி 4

சரியில்லை, தம்பி. உங்கள் நண்பரின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கை வேகம் போதாதவர் பின்தங்குவார். நீங்களோ முன்னதாக வந்து சேர்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 பீட் என்பது ராக் பாடல்களில் நடுத்தரமான டெம்போ. ஒரு பீட்டுக்கு நான்கு அடி வீதம் பார் முழுவதும் ஃபில் அடித்தால் நொடிக்கு ஆறு அடிகள் வருகின்றன; இரண்டு கைகளுக்கும் பங்கிட்டால் ஒரு கைக்கு நொடிக்கு மூன்று. தினமும் ரோல் பழகும் ஒருவருக்கு இது எட்டாத வேகம் இல்லை. உங்களிடம் குறைவது கையின் வேகம் அன்று. நான்கு பீட்டுகளின் நீளம் எவ்வளவு என்ற உணர்வுதான்.

அந்த உணர்வு பீட் வாசிக்கும்போது மட்டும் எப்படி இருக்கிறது என்று யோசியுங்கள். வலக்கை ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலில் ஒரு பாருக்கு எட்டு அடிகளைச் சீராகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எண்ணாவிட்டாலும் உங்களுக்காக அந்தக் கை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஃபில் தொடங்கிய கணத்தில் ஹை-ஹாட் நின்றுவிடுகிறது. பெரும்பாலான தொடக்கக்காரர்களுக்குக் காலும் அதோடு நின்றுவிடுகிறது. அளவுகோல் இரண்டும் ஒரே நேரத்தில் பறிபோன பிறகு, இருட்டில் கடைசிப் படி எதுவென்று தெரியாமல் காலை ஊன்றுபவரைப்போல ஒன்றாம் பீட்டில் வந்து விழுகிறீர்கள். பதற்றத்தில் விழுவதால் முன்னதாகவே விழுகிறீர்கள்.

ஆகவே ரோலைச் சில நாள்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பீட்டைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 70இல் வைத்து, மூன்று பார்கள் வழக்கமான பீட் வாசியுங்கள். நான்காவது பாரில் ஒன்றுமே வாசிக்காதீர்கள். வாய்விட்டு எண்ண மட்டும் செய்யுங்கள். அடுத்த பாரின் ஒன்றில் கிராஷ் சிம்பலையும் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்த்து அடித்துவிட்டு மறுபடி பீட்டுக்குள் நுழையுங்கள். இந்தக் காலி பார் சரியாக வந்த பிறகு, அதில் நான்காவது பீட்டை மட்டும் ஸ்னேரில் நான்கு அடிகளால் நிரப்புங்கள். முதல் மூன்று பீட்டுகளுக்கு வழக்கமான பீட்டே ஓடட்டும். பிறகு மூன்றாவது, நான்காவது பீட்டுகளை நிரப்புங்கள். முழுப் பார் ஃபில் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். பெரும்பாலான ஆசிரியர்கள் ஃபில்லை முதலில் காட்டிவிட்டுத் திரும்பி வருவதை மாணவரின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். திரும்பி வருவதை முதலில் பழகுங்கள். போவதற்கு ஆயிரம் வழி உண்டு.

2024 பிப்ரவரி 5

விட்டுப்போன ஒன்று. ஒன்றில் அடிக்கும் கிராஷோடு கிக் கட்டாயம் சேர வேண்டும். கிராஷின் ஒலி மேலே பரவி நிற்கும். அதற்கு அடியில் கிக் இல்லையென்றால், பேஸ் கிதார் வாசிப்பவருக்குத் தான் இறங்க வேண்டிய இடம் எதுவென்று தெரியாது.

2024 பிப்ரவரி 11

காலி பாரிலேயே முன்னதாக வந்துவிடுவதாகத் திருமங்கலத்துத் தம்பி எழுதியிருக்கிறார். நல்ல செய்திதான். கை சும்மா இருந்தபோதும் தாளம் ஓடியது என்றால், கையைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை.

ஆங்கில முறையில் ஒரு பீட்டின் நான்கு கூறுகளையும் "ஒன்-ஈ-அண்ட்-ஆ" என்று எண்ணச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது கடைசிவரை நாக்கில் ஒட்டவில்லை. நம் ஊரில் மிருதங்க வகுப்பின் வாசல் வழியாக நடந்து போனவர்களுக்குக்கூடத் "தகதிமி" தெரியும். ஒரு பீட்டுக்கு ஒரு தகதிமி, ஒரு பாருக்கு நான்கு தகதிமி, மொத்தம் பதினாறு அடிகள். முதல் தகதிமியை ஸ்னேரிலும், இரண்டாவதைச் சிறிய டாம் டிரம்மிலும், மூன்றாவதை அடுத்த டாமிலும், நான்காவதைத் தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டாமிலும் வைத்தால், உலகில் எல்லாத் தொடக்கக்காரர்களும் கற்கும் முதல் முழுப் பார் ஃபில் கிடைத்துவிடுகிறது. வல-இட-வல-இட என்று வாசிக்கும்போது ஒவ்வொரு டாமிலும் முதல் அடி வலக்கைக்கே வரும். ஆகையால் கைகள் குறுக்கே மோதிக்கொள்வதில்லை.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் வாசிக்காதீர்கள் என்பதை மட்டும் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது ஒரு தகதிமிக்கும் அடுத்த தகதிமிக்கும் இடையில் மூச்சு வாங்கக் கூடாது. மூச்சு வாங்கும் இடத்தில்தான் கை ஒரு டாமிலிருந்து இன்னொரு டாமுக்குத் தாவுகிறது. இடைவெளி அங்கேதான் விழுகிறது.

இது சலித்த பிறகு, அதே பதினாறை வேறு மாதிரி பிரித்துப் பார்க்கலாம். நான்கு "தகிட", பின் ஒரு "தகதிமி" என்று சொல்லுங்கள்: மூன்றும் மூன்றும் மூன்றும் மூன்றும் நான்கும் பதினாறு. நான்கு தகிடவும் சேர்ந்து சரியாக மூன்று பீட்டுகளை நிரப்பிவிடுவதால், நான்காவது பீட்டில் பழைய தகதிமி காத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகிடவின் முதல் அடியையும் டாமிலும் மற்ற இரண்டையும் ஸ்னேரிலும் வைத்தால், பீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் ஒரு ராக் ஃபில் கிடைக்கும். இதில் முதலடி வலக்கைக்கும் இடக்கைக்கும் மாறி மாறி விழும். இடக்கைக்கு விழும்போது சிறிய டாமைத் தேர்ந்தெடுத்தால் கைகள் பின்னிக்கொள்ளாது.

2024 பிப்ரவரி 13

வீட்டில் சத்தம் போட முடியாதவர்களுக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பழகியது மதுரைச் செல்லூரில், பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் தறி ஓடிய ஒரு தெருவில். டிரம்ஸைப் பற்றி எவரும் புகார் சொன்னதில்லை, கேட்டிருந்தால்தானே சொல்வார்கள்? உங்கள் தெரு அப்படி இல்லையென்றால், ரப்பர் ஒட்டிய பயிற்சிப் பலகை ஒன்று போதும். முழுப் பார் ஃபில்லை அந்த ஒரே பலகையில் வாசித்து, எந்த டாம் என்பதை மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 25

காலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் கல்யாண ஊர்வலத்துக்கோ தேவாலயத் திருவிழாவுக்கோ வரும் பேண்டு செட்டைக் கவனியுங்கள். பெரிய டிரம்மை ஒருவர் அடிப்பார். கழுத்தில் மாட்டிய சின்ன டிரம்மை இன்னொருவர் அடிப்பார். சிம்பலைத் தட்ட மூன்றாவதாக ஒருவர் இருப்பார். சின்ன டிரம்காரர் எவ்வளவு உருட்டினாலும் பெரிய டிரம்காரர் தம் அடியை நிறுத்துவதில்லை. அவர் நிறுத்தினால் ஊர்வலமே நின்றுவிடும். இந்த மூன்று பேரின் வேலையை ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து செய்வதற்காக உருவானதுதான் டிரம் செட். கையைப் பெரிய டிரம்மிலிருந்து விடுவித்தது கால் பெடல். அமெரிக்காவில் லட்விக் நிறுவனம் 1909இல் வேகமாக இயங்கும் பெடலைக் கொண்டுவந்த பிறகு இந்த அமைப்பு நிலைபெற்றது. ஆள் ஒருவராகிவிட்டார் என்பதற்காகப் பெரிய டிரம்காரரின் கடமை ரத்தாகிவிடவில்லை.

மேளக் கச்சேரியிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். தவில் தனியாவர்த்தனம் எங்கே போனாலும், பக்கத்தில் தாளம் போடுபவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் தட்டிக்கொண்டே இருப்பார். மக்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. அவர் ஒரு தட்டு தவறவிட்டால் தவில்காரர் மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், மறக்க முடியாது.

ஆகவே ஃபில் ஓடும்போது வலக்கால் ஒவ்வொரு பீட்டிலும் கிக்கை அடித்துக்கொண்டே இருக்கட்டும்: தகதிமி ஒன்றுக்கு ஒரு கிக். கேட்பவருக்கும் தாளம் கைவிட்டுப் போகாது. உங்கள் கைகளுக்கும் இறங்க ஒரு தரை இருக்கும். தொடக்கத்தில் கையும் காலும் ஒரே நேரத்தில் விழாமல் "தட்-தட்" என்று பிரிந்து கேட்கும். டெம்போவை 60க்கு இறக்கி, அந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகும்வரை ஏற்றாதீர்கள்.

2024 மார்ச் 3

காலைப் பற்றிச் சொன்னதைச் சற்று நெகிழ்த்த வேண்டியிருக்கிறது. கிக்கைத் தொடர்ந்து அடித்தால் கைகள் கனத்துவிடுவதாகவும், ஒவ்வொரு பீட்டின் முதல் அடியும் தேவையில்லாமல் உரத்து விழுவதாகவும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் பழகும் பிள்ளைகளில் சிலருக்கும் அப்படித்தான் ஆகிறது என்பதை இந்த வாரம் கூர்ந்து பார்த்தபோது கவனித்தேன். அப்படிப்பட்டவர்கள் கிக்கை விட்டுவிட்டு, இடக்காலால் ஹை-ஹாட் பெடலை ஒவ்வொரு பீட்டிலும் மூடித் திறக்கட்டும். அந்த "சிக்" ஒலி மெலிதானது, கைகளை அழுத்தாது, ஆனால் தாளத்தைக் காக்கும். கிக்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கால்களும் வேண்டாம், குதிகாலை மட்டும் தரையில் தட்டிக்கொள்கிறேன் என்பவர்களையும் நான் தடுக்க மாட்டேன். உடம்பில் ஏதாவது ஓர் இடத்தில் பீட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அது எந்த இடம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

2024 மார்ச் 17

எத்தனை ஃபில்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி வந்திருக்கிறது. ஒரு மேடையைச் சமாளிக்க நான்கைந்து போதும். ஏசி/டிசி என்ற ராக் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த ஃபில் ரட் என்பவரைக் கேட்டுப் பாருங்கள். பெயரிலேயே ஃபில் இருக்கிறது. வாசிப்பில்தான் அது மிக அரிது. நேரான பீட்டை அசையாமல் பிடித்துக்கொண்டே உலகப் புகழ் பெற்ற குழுவைத் தாங்கியவர் அவர். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர். ஆனால் வலக்கைக்காரருக்கு அமைத்த டிரம் செட்டில் வாசிப்பவர். டாம்களைச் சுற்றி வரும்போது மற்றவர்களைப்போல வலக்கையால் தொடங்குவது அவருக்கு இயல்பாக வருவதில்லை. அதனாலேயே அவருடைய ஃபில்கள் எதிர்பாராத இடத்தில் தொடங்கி, சற்றே தயங்கித் தயங்கி வருகின்றன. பாட்டுக்கு அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கேட்ட பிறகு, வேகம் குறித்த கவலை யாருக்கும் குறையும்.

ஃபில் எதற்காக இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பப் போகிறோம் என்று பாடகருக்கும் மற்ற வாத்தியக்காரர்களுக்கும் கேட்பவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் முன்னறிவிப்பு அது. ராக் பாடல்கள் பெரும்பாலும் நான்கு, எட்டு பார்களாகப் பகுக்கப்பட்டிருப்பதால் எட்டாவது பாரின் இறுதியில் ஃபில் விழுகிறது. 120 டெம்போவில் ஒரு பார் இரண்டு நொடி. எட்டு பார்கள் பதினாறு நொடி. ஆக, பதினாறு நொடிக்கு ஒருமுறை இரண்டு நொடி பேசினாலே போதுமான அளவு பேசிவிட்டீர்கள். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் இதை "ரோல்" என்பார்கள். பாடகர் வரியை இழுக்கும்போதெல்லாம் ரோல் போடும் ஒரு டிரம்மரோடு நான் பேடு வாசித்திருக்கிறேன். பாடகர் கடைசியில் மைக்கை அவரிடமே நீட்டிவிட்டார்.

திரை இசையில் கேட்டுக் கற்க விரும்புபவர்கள் இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனைக் கவனிக்கலாம். இளையராஜாவின் பாடல்களில் இடையிசை முடிந்து குரல் நுழையும் வாசலில் வரும் சிறு சிறு ஃபில்களை மட்டும் எடுத்து எழுதிப் பாருங்கள். பல இடங்களில் ஒரு பீட்டுக்கு மேல் நீளாது.

2024 மார்ச் 18

"அரை பீட் ஃபில் உண்டா?" என்று ஒருவர் கேட்கிறார். உண்டு. நான்காவது பீட்டின் பிற்பாதியில் ஸ்னேரில் இரண்டு அடிகள், அடுத்து ஒன்றில் கிராஷ். நான் மேடையில் அதிகம் வாசித்தது அதுவாகத்தான் இருக்கும்.

2024 மார்ச் 30

கை சரியாக ஓடியும் ஃபில் கேட்க நன்றாக இல்லை என்பவர்கள், அமைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்னேரின் தோல் இறுக்கமானது. குச்சி தானாகவே எம்பி வரும். ஃப்ளோர் டாமின் தோல் தளர்ந்திருக்கும். அங்கே குச்சி எம்பாது, மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். ஸ்னேரில் மட்டுமே ரோல் பழகிய கை, ஃப்ளோர் டாமுக்கு வந்தவுடன் சேற்றில் இறங்கியதைப்போல உணர்வதன் காரணம் இதுதான். எலக்ட்ரானிக் டிரம்ஸில் பழகுபவர்களுக்கு இந்த அதிர்ச்சி இன்னும் அதிகம். அங்கே எல்லாப் பேடுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி எம்பும். கடைசித் தகதிமியை மட்டும் ஃப்ளோர் டாமிலேயே தனியாகப் பழகுங்கள்.

வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறைகளில் டாம்கள் பெரும்பாலும் முந்தையவரின் உயரத்துக்கும் கோணத்துக்கும் வைக்கப்பட்டிருக்கும். டாம் அதிகமாகச் சாய்ந்திருந்தால் குச்சி விளிம்பில் பட்டுச் சிக்கிக்கொள்ளும். அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து, முழங்கையை நீட்டாமல் ஒவ்வொரு டாமின் நடுவையும் தொட முடிகிறதா என்று பாருங்கள். நாற்காலியின் உயரம், தொடை முழங்காலை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரியும் அளவுக்கு இருக்கட்டும்.

சுருதியும் உண்டு. மூன்று டாம்களும் ஒரே மாதிரி "தொப்" என்று ஒலித்தால், நீங்கள் எவ்வளவு அழகாகச் சுற்றி வந்தாலும் கேட்பவருக்கு அது ஒரே டாமில் அடித்ததாகத்தான் தோன்றும். ஒரு திருகை முடுக்கியதும் அடுத்ததாக நேர் எதிரே இருப்பதை முடுக்க வேண்டும். பக்கத்திலிருப்பதை முடுக்கினால் தோல் ஒரு பக்கமாக இழுபடும். சிறிய டாமிலிருந்து ஃப்ளோர் டாம் வரை சுருதி படிப்படியாக இறங்குவது காதுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

2024 ஏப்ரல் 25

நேற்று முன்தினம் அழகர் ஆற்றில் இறங்கினார். தல்லாகுளத்திலிருந்து கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே, வழியெங்கும் கேட்ட கொட்டுகளில் நடையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்துக் கொட்டில் பெரும்பகுதி திஸ்ரம். ஒரு பீட்டுக்குள் மூன்று கூறுகள். தெம்மாங்கும் குத்துப் பாட்டும் பெரும்பாலும் இந்த நடையிலேயே ஓடுகின்றன. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த உடம்பு, ராக் பாடலில் தகதிமி அடிக்கச் சொல்லும்போதும் உற்சாகம் மிகுந்தவுடன் தன்னையறியாமல் திஸ்ரத்தை நோக்கிச் சாய்கிறது. நான்கு சமமான அடிகள், நொண்டி நடக்கும் நான்கு அடிகளாகிவிடுகின்றன.

இதற்கு முன் "முன்னதாக வந்து சேர்வது" என்று நாம் பேசிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. திருமங்கலத்துத் தம்பி அனுப்பிய ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். அவருடைய முதல் இரண்டு தகதிமிகள் நேராக இருக்கின்றன, மூன்றாவது சாய்கிறது, நான்காவது ஏறக்குறைய "தகிட"வாகிவிட்டது. ஓர் அடி குறைந்தால் பார் முன்னதாக முடியத்தானே செய்யும்?

மருந்து எளிது. மெட்ரோனோமை ஓடவிட்டு ஒரு பார் தகதிமி, ஒரு பார் தகிட என்று வாயால் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பீட் மாறக் கூடாது. உள்ளே இருக்கும் கூறுகள் மட்டும் நான்காகவும் மூன்றாகவும் மாற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாக்குக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால், கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது உங்களுக்கே தெரியும். திஸ்ரத்தைக் குற்றமாகச் சொல்லவில்லை. லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் கைகளையும் காலையும் மும்மூன்றாகக் கோத்து வாசித்த ஃபில்கள் இன்றும் டிரம்மர்களுக்குப் பாடம். வல, இட, கால்; வல, இட, கால். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறது. வேண்டுமென்று போவதற்கும் வழுக்கி விழுவதற்கும்தான் வித்தியாசம்.

2024 ஏப்ரல் 27

பறை வாசிக்கும் ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, தம் பழக்கம் டிரம்ஸுக்கு உதவுமா இடைஞ்சலா என்று கேட்கிறார். உதவும். ஒரு கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சியும் மறுகையில் குட்டையான அடிக்குச்சியும் பிடித்து, இரண்டுக்கும் இரண்டு வேலை கொடுத்துப் பழகியவருக்குக் கைகளைப் பிரித்து இயக்குவது புதிதன்று. அதோடு ஆடிக்கொண்டே அடிப்பதால் கால் தாளத்தை மறப்பதில்லை. நான் மேலே பக்கம் பக்கமாக எழுதிய கால் பாடம் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். கவனிக்க வேண்டியது, இரண்டு கைகளின் அடியும் ஒரே கனத்தில் விழுகிறதா என்பதுதான். ஃபில்லில் இரண்டு குச்சிகளும் ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே ஒலி. ஸ்னேரில் வல-இட-வல-வல, இட-வல-இட-இட என்ற பாராடிடிலை மிக மெதுவாகப் பழகினால் இது சீக்கிரம் சமன்படும்.

இன்னொரு வசதியும் உங்களுக்குக் காத்திருக்கிறது. டிரம்ஸின் தோல் பிளாஸ்டிக்; மழைக்காலத்தில் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டியதில்லை.

2024 மே 12

அக்னி நட்சத்திரத்தில் குச்சி வழுக்குகிறது என்ற புகார் எதிர்பார்த்ததுதான். பேட்மிண்டன் மட்டையின் பிடியில் சுற்றும் நாடாவைக் குச்சியின் அடிப்பகுதியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுகிய பிடியில் குச்சி எம்பாது, அரை மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். தொடக்கத்துக்கு 5ஏ அளவுக் குச்சியே ஏற்றது.

வெயிலுக்காக எல்லாச் சன்னல்களையும் மூடிக்கொண்டு சின்ன அறையில் வாசிப்பவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்றும், ஒலி 3 டெசிபல் கூடும்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். மூடிய அறையில் கிராஷை ஓங்கி அடித்தால் அந்த அளவைத் தாண்டிவிடும்.

2024 மே 26

திருமங்கலத்துத் தம்பி குழுவோடு மறுபடி வாசித்திருக்கிறார். 90இல் எவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். ஆனால் 60இல் ஓடும் மெதுவான பாட்டில் மறுபடியும் முந்திவிட்டாராம். அப்படித்தான் ஆகும். மெதுவான பாட்டில் ஃபில் கடினமாவது அடிகளால் அன்று, அடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தால். மெட்ரோனோமை 30இல் வைத்து 60இல் வாசியுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் மட்டும்தான் ஒலி கேட்கும். அது பழகிய பிறகு, அதே ஒலியை இரண்டாகவும் நான்காகவும் பாவித்து வாசியுங்கள். ஃபில் முடிந்து ஒன்றில் இறங்கும்போது மெட்ரோனோம் மௌனமாக இருக்கும். நீங்கள் சரியாக இறங்கினீர்களா என்பதை அடுத்து வரும் இரண்டாம் பீட்தான் சொல்லும்.

மெதுவான பாட்டுக்கு ஏற்ற இன்னொரு ஃபில்லையும் தருகிறேன். கர்நாடக இசையில் ஒரு சொல்லை மூன்று முறை வைத்துத் தீர்மானம் போடுவார்கள். அதைச் சற்று மாற்றி, கடைசி அடியே சமத்தில், அதாவது ஒன்றாம் பீட்டில், விழும்படி அமைத்திருக்கிறேன். ஐந்து அடிகள், ஓர் அடி இடைவெளி, மறுபடி ஐந்து, ஓர் இடைவெளி, மறுபடி ஐந்து. கூட்டிப் பாருங்கள், பதினேழு வரும். பதினாறு அடிகளில் பார் முடிந்துவிடுவதால் பதினேழாவது அடி அடுத்த பாரின் ஒன்றாகிறது. வலக்கையால் தொடங்கி மாற்றி மாற்றி அடித்தால், ஒவ்வொரு ஐந்தும் வலக்கையில் தொடங்கி வலக்கையிலேயே முடியும். கடைசி அடியை, கிக்கைச் சேர்த்துக்கொண்டு, கிராஷில் வையுங்கள். முதல் ஐந்தை ஸ்னேரிலும் இரண்டாவதைச் சிறிய டாமிலும் மூன்றாவதின் முதல் நான்கை ஃப்ளோர் டாமிலும் வைத்தால் போதுமானது. இடைவெளிகளில் இடக்கால் ஹை-ஹாட்டை மூடட்டும்.

2024 மே 27

ஐந்துகளை வாயால் சொல்ல எந்தச் சொல் என்று கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். "ததிங்கிணதொம்" என்று சொல்லுங்கள். பிறகு வரும் ஓர் அடி இடைவெளியை, மூச்சு விடாமல், மனத்துக்குள் மட்டும் எண்ணுங்கள்.

2024 ஜூன் 9

அச்சிட்ட டிரம்ஸ் தாளில் சில பார்களில் சுரக்குறிகளே இல்லாமல் சாய்கோடுகளும் "ஃபில்" என்ற சொல்லும் மட்டும் இருக்கின்றனவே, அங்கே என்ன வாசிப்பது என்று தல்லாகுளத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பதே அதன் பொருள். பழகிய நான்கைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்தப் பாருக்கு வந்த பிறகு தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு பார்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, எந்தக் கையில் முடியப் போகிறது, கிராஷ் அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் பாடல் தொடங்கும் முன்பே கிராஷ் தாங்கியை நகர்த்தி வைத்துவிடுங்கள்.